சவிரிமுத்து அண்ணை கழற்றச் சொல்லாத முட்டுகள்

காலை ஏழரை மணியிருக்கும். விம்பிள்டனில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. சவிரிமுத்து அண்ணையின் மகள் டிலானி போன் எடுத்தாள். "மாமா, அப்பா போயிட்டார்" என்றாள். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னாள். ஒன்றும் காதில் ஏறவில்லை. ஓம், ஓம் என்று மட்டும் சொன்னேன். குழிக்குள் தண்ணீர் நிரம்புகிறது, பம்பைப் போடட்டுமா என்று வேலையாட்கள் கேட்டார்கள். போடுங்கள் என்றேன். அரை மணி நேரம் அப்படியே வேலை பார்த்தேன். பிறகுதான் வேலை வான் வண்டிக்குள் ஏறி இருந்து குழறி அழுதேன்.

அடக்கம் முடிந்த கிழமையில் டிலானி வீட்டுக்கு வந்தாள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அடிக்கிறோம், நீங்கள்தான் எழுதவேண்டும் என்றாள். "அப்பாவோட பழகின ஆக்களிலை உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். நல்ல விசயமா நாலு எழுதுங்கோ மாமா. அந்தக் கோயில் ஹோல் இடிஞ்ச விசயம் மட்டும் வேண்டாம், பிளீஸ்."

லண்டனில் அடிக்கப்படும் நினைவு மலர்களை வாசித்தால் நம்முடைய ஆட்களில் ஒருவராவது கெட்டவராகச் செத்ததாகத் தெரியாது. எல்லாரும் பண்பாளர், எல்லாரும் கொடையாளர். சாப்பாட்டுப் பொதியோடு ஒன்றைக் கையில் தருவார்கள். ரயிலில் வாசித்துவிட்டு மடித்து வைப்போம். அப்படி ஒன்றை எழுதித் தள்ளுவது எனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் டிலானி வேண்டாம் என்ற விசயத்தைத்தான் நான் எழுதப்போகிறேன். அதை விட்டுவிட்டு இந்த மனிதரைப் பற்றி நான் எழுதும் ஒவ்வொரு வரியும் பொய்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரில் சண்டை உச்சத்தில் இருந்த காலத்து மார்கழி மாதம். கிழக்கு லண்டனில் ஒரு பங்குக் கோயிலின் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு அறையும் அதற்கு மேலே ஒரு மாடியும் கட்டிக்கொண்டிருந்தோம். சவிரிமுத்து அண்ணை வேலைக்குப் பொறுப்பு. நான் அவருக்குக் கீழே தலைமை மேசன். மாடிக்குப் போட்ட கொங்கிரீட் தட்டு இடிந்து விழுந்தது. கீழே சுவர் பூசிக்கொண்டிருந்த இராசேந்திரம் அதே இடத்தில் செத்தார். தட்டைத் தாங்கிநின்ற இரும்பு முட்டுகளைத் தட்டு இறுகமுன் கழற்றியதுதான் காரணம். கழற்றச் சொன்னது சவிரிமுத்து என்று விசாரணையில் எழுதினார்கள். நீங்களும் அதைத்தான் நம்பினீர்கள். பலர் அவரோடு கதைப்பதை நிறுத்தினீர்கள். அது உண்மை இல்லை. அவர் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் ஒரு ஒஸ்திரியாக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரை விட்டுவிட்டு சவிரிமுத்து அண்ணையைச் சொல்ல ஏலாது.

இடிவதற்கு ஏழெட்டு வருடத்துக்கு முன் பங்கிலிருந்து ஒஸ்திரியாவில் உள்ள ஒரு மாதா கோயிலுக்கு பஸ்சில் யாத்திரை போனார்கள். போகிற வழியில் தன்யூப் ஆற்றங்கரையில் ஒரு பழைய துறவிமடத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். எல்லாரும் பீடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, அண்ணை கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மன்னாரில் கட்டடப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். எங்கே போனாலும் முதலில் கூரையைப் பார்ப்பார். கூட்டிக்கொண்டு போன சுவாமியார் ஆட்களை எண்ணியதில் பிசகி, பஸ் இவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அண்ணை கோயில் மர வாங்கில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தாராம். "படுத்தால்தானே வடிவாத் தெரியும்" என்று சுவாமியாரிடம் சொன்னாராம். பேச்சு வாங்கினார். ஆனால் கோயில் காப்பாளர் கொடுத்த ஒரு சின்னப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

அந்த மடத்துக் கோயிலைக் கட்டியவர் பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடக்காரர் ஒருவர். பெயரை நான் சொன்னால் ஜேர்மன் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அண்ணையும் "எங்கடை ஒஸ்திரியாக்காரர்" என்றுதான் சொல்லுவார். அந்த மனிதரின் சீவியத்தைத் தமிழில் எழுதவேண்டும் என்று அவருக்கு ஒரு விசர் பிடித்தது. ஐம்பது வயதில் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் மாலை வகுப்புக்குப் போய் ஜேர்மன் படித்தார். "இஞ்சை இங்கிலீசே ஒழுங்கா வராது, இதிலை ஜேர்மனோ?" என்று நான் கேட்டேன். "பில்டிங்கைப் பற்றின சொல்லுத்தானே வேணும், மிச்சம் எனக்கென்னத்துக்கு" என்றார். லீவு கிடைத்தால் மலிவான விமானம் பிடித்துப் போய் மடத்து ஏடுகளைப் பார்த்துவிட்டு வருவார். வந்து என்னைப் பிடித்து இருத்திச் சொல்லுவார். தேத்தண்ணி ஆறிப்போகும், கதை ஆறாது.

அப்படித்தான் எனக்கு அந்த ஒஸ்திரியாக்காரரைத் தெரியும். மலைப்பக்கத்தில் கல்லுடைக்கிற குடும்பத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் மேசன் வேலைக்குப் போய், ஊர் ஊராக நடந்து வேலை செய்து, தன்யூப் பக்கம் வந்து சேர்ந்தவர். அந்தக் காலத்தில் அங்கே ஒருவன் நினைத்தவுடன் பெரிய மேசனாகிவிட ஏலாதாம். இருக்கிற மேசன் செத்தால்தான் இடம் வரும். பல இடங்களில் செத்தவரின் மனைவியைக் கட்டினால்தான் அந்த இடம் கிடைக்கும். இவர் நான்கு பிள்ளைகளுடைய ஒரு கைம்பெண்ணைக் கட்டினார். "மனுசியோடை சேர்த்து நாலு பிள்ளையளும், முடியாத ரெண்டு கோயிலும், மூண்டு வழக்கும் வந்தது" என்று அண்ணை சிரிப்பார். எழுத்து அவ்வளவு வராது. ஒப்பந்தங்களில் அவருடைய கையெழுத்து முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோலக் கிடக்குமாம். வரைந்த படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் அவர் கட்டிய கோயில்கள் நிற்கின்றன. இரட்டைக் கோபுரமும் உச்சியில் வெங்காயம் மாதிரி ஒரு தலையும். தானியக் களஞ்சியம் கட்டினார், பாலம் கட்டினார், துறவிகளுக்கு வைன் நிலவறை கட்டினார், சுவாமியார்மாருக்கு வீடு கட்டினார். குளிர்காலத்தில் கல்வேலையை நிறுத்திவிட்டு, சுவரின் மேல் விளிம்புகளை வைக்கோலால் மூடிவைப்பார்களாம். "பாத்தியே, சுவருக்கும் போர்வை போட்ட மனுசன்" என்று அண்ணை சொன்னது நினைவிருக்கிறது.

நானும் அவரும் சேர்ந்து வேலை செய்த காலத்தில் எங்களுக்குள் ஒரேயொரு சண்டைதான். அது நாட்கணக்கு. யாழ்ப்பாணத்து வெயிலில் பழகியவன் நான். தட்டுப் போட்டுத் தண்ணீர் கட்டிவிட்டால் இத்தனையாம் நாள் முட்டுக் கழற்றலாம் என்று என் கைக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். கணீரென்று கேட்டால் இறுகிவிட்டது. ஊரில் எல்லா மேசனும் அப்படித்தான் செய்தார்கள். அண்ணைக்கு அது பிடிக்காது. "இது லண்டன் குளிர் தேவன். இஞ்சை சீமெந்து நித்திரை கொள்ளும். உன்ரை காதை நம்பாதை" என்பார். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, இந்தாள் புத்தகம் படித்துப் பயந்தாங்கொள்ளியாகிவிட்டார் என்று உள்ளுக்குள் நினைப்பேன்.

அந்த மார்கழியில் அண்ணை நான்கு நாள் லீவு எடுத்துக்கொண்டு ஒஸ்திரியாவுக்குப் போனார். மடாதிபதி ஒருவர் நாளாந்தம் எழுதிவைத்த ஏட்டைப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனார், முட்டில் கை வைக்காதே என்று. மூன்றாம் நாள் காலை அங்கிருந்து போன் எடுத்தார். "ராவிலை அங்கை உறைபனியாமே. முட்டைத் தொடாதை. நான் வந்து பாக்கிறன்." நான் "ஓம் அண்ணை" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பங்குப் பிள்ளைகளின் கிறிஸ்மஸ் ஒளிவிழா. பிள்ளைகள் உடை மாற்ற அந்த அறை வேண்டும் என்று போன் வந்த அன்றே மாதர் சங்கத்து ஆட்கள் வந்து நின்றார்கள். முட்டுகளுக்கிடையில் பிள்ளைகளை விட ஏலாது, பூச்சும் முடியவில்லை, என்ன தம்பி செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். அண்ணை இல்லை. பொறுப்பு என்னிடம். கேட்டவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரியாது, அண்ணையைக் கேட்கவேண்டும் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சுத்தியலை எடுத்துத் தட்டினேன். கணீரென்றது. கழற்றுங்கோ என்றேன். பிறகு பூச்சுக் காய்வதற்காக இரண்டு கேஸ் ஹீட்டர்களை உள்ளே கொண்டுவந்து வைத்தோம்.

உறைந்த கொங்கிரீட்டும் தட்டினால் கணீரென்றுதான் கேட்கும் என்பதை விசாரணைக்கு வந்த ஒருவர் பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். அது இறுகிய சத்தம் இல்லை, பனியின் சத்தம். ஹீட்டர் சூட்டில் பனி இளகியதும் உள்ளே ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பனி இல்லை. அங்கே என் காது ஒருநாளும் பிழைத்ததில்லை.

அடுத்த நாள் காலை இராசேந்திரம் பூச்சுக் கரண்டியோடு உள்ளே போகும்போது மேலே பார்த்தார். "முட்டில்லாமல் நிக்குமோ தேவன்?" என்று கேட்டார். "நிக்கும் அண்ணை, நான் தட்டிப் பாத்தனான்" என்றேன். வெளியே வந்து சீமெந்துப் பையை உடைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணியிருக்கும். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். கையால் கிளறினோம். அவருடைய கால் சப்பாத்துத்தான் முதலில் தெரிந்தது.

அண்ணை அன்று பின்னேரமே வந்து சேர்ந்தார். கோயிலுக்கு வெளியே மதிலோடு குந்தியிருந்த என்னை எழுப்பி ஒரேயொரு கேள்வி கேட்டார்: "ஆர் சொன்னது?" நான் அழுதேன். அதுவே அவருக்குப் போதும். அப்போது என்னுடைய அகதி வழக்கு மேல்முறையீட்டில் கிடந்தது. கோர்ட்டில் குற்றவாளி என்று ஒரு எழுத்து விழுந்தால் பிளேனில் ஏற்றிவிடுவார்கள்; அந்தக் காலத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அண்ணையிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. அவர் சொன்னார்: "நேற்றுக் காலமை நான் போன் எடுத்தனான்தானே. நான்தான் கழட்டச் சொன்னனான். நீ வாயைத் திறவாதை."

நான் வாயைத் திறக்கவில்லை. பதினாறு பதினேழு வருடம் திறக்கவில்லை.

விசாரணையில் போன் வந்த நேரம் இருந்தது, எவ்வளவு நேரம் கதைத்தோம் என்று இருந்தது. என்ன கதைத்தோம் என்பது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். உறைபனியில் முட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு வெளிநாட்டில் சுற்றித் திரிந்தவர் என்று அவரைப் பற்றிச் சொன்னார்கள். தண்டனையை ஒத்திவைத்தார்கள், சிறைக்குப் போகவில்லை. கட்டட வேலையில் அதற்குப் பிறகு யாரும் அவரைச் சேர்க்கவில்லை. பார்க்கிங்கில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் ட்ரொலி தள்ளினார். கோயிலில் அவர் இருக்கும் வாங்கில் பக்கத்தில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். டிலானிக்குப் பேசிய கலியாணம் ஒன்று இந்தக் கதையால் நின்றது. என் அகதி வழக்கு வென்றது. சொந்தமாகக் கொம்பனி தொடங்கினேன். இன்றைக்கு நான்கு வான் ஓடுகிறது.

ஒஸ்திரியாக்காரருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அந்த நான்கு நாளில் அண்ணை ஏட்டில் வாசித்தது ஒரு கூரை இடிந்த கதை. அவர் முதலில் வாங்கில் படுத்துக்கிடந்து பார்த்த அதே கூரை. அது இரண்டாம் தரம் கட்டியதாம். முதல் தரம் கட்டியபோது மடாதிபதிக்குத் திருநாள் அவசரம். சாந்து காய முதல் வளைவைத் தாங்கிய மரச்சாரத்தைப் பிரித்தார்கள். இரண்டு பேர் செத்தார்கள். விசாரித்தபோது ஒஸ்திரியாக்காரர், என் தலைமை மேசன் என்னைக் கேளாமல் பிரித்தான் என்று கைகாட்டிவிட்டார். அது உண்மையும்தான். அந்த மேசனைக் குளிர்காலம் முழுக்க அடைத்துவைத்து, பிறகு விட்டார்கள். எவரும் வேலை கொடுக்கவில்லை. பனி உருகும் காலத்தில் ஆற்றில் கிடந்தான் என்று மடாதிபதி ஒரு வரி எழுதியிருக்கிறார். ஒஸ்திரியாக்காரர் அதற்குப் பிறகும் இருபது வருடம் கோயில் கட்டினார்.

இதை அண்ணை எனக்குச் சொன்னது இடிந்து மூன்று வருடத்துக்குப் பிறகு, அந்த அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டு. "அதை வாசிச்சிட்டுத்தான் அண்டைக்கு பிளேன் ஏறினனான்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்தாள் உண்மையைத்தானே சொன்னது, அண்ணை. இந்த அத்தியாயத்தை விடுங்கோ. நல்ல மனுசன்ரை பேர் கெட்டுப்போகும்." வேறு ஒருவருக்காகப் பேசுவதுபோல எனக்காகப் பேசினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கட்டினதை எழுதினால் இடிஞ்சதையும் எழுதவேணும். இல்லாட்டி எழுதக்கூடாது." அத்தியாயம் அப்படியே இருக்கிறது. எண்ணூறு பக்கம், கையெழுத்தில். அவரைத் தவிர முழுதாக வாசித்தவன் நான் ஒருவன்தான்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மூச்சுக்குழாய் மூக்கில் இருந்தது. நெஞ்சு முழுக்கத் தூசி என்று டாக்டர் சொன்னாராம். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, இனி நான் சொல்லப்போறன்" என்றேன். எனக்கு இப்போது பாஸ்போர்ட் இருக்கிறது. என்ன வந்தாலும் ஊருக்கு அனுப்பமாட்டார்கள். அது எவ்வளவு கேவலமான துணிவு என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? "எனக்காண்டிச் சொல்லாதை" என்றார். "எனக்கு இனி என்னத்துக்கு?" அதற்குப் பிறகு இருமல் வந்து கதை நின்றது.

இதை அச்சுக்குக் கொடுக்க முன் டிலானியிடம் போய்ச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்பா ஏன் எனக்குக்கூடச் சொல்லேல்லை? நான் எத்தினை தரம் அவரோட கதைக்காம இருந்தனான் தெரியுமா மாமா?" என்றாள். பிறகு கதவைத் திறந்துவிட்டு, "பிரிண்ட் பண்ணுங்கோ. எல்லாத்தையும் போடுங்கோ. இப்ப போங்கோ பிளீஸ்" என்றாள். வக்கீல் ஒருவரிடமும் போயிருக்கிறேன். நடக்கிறது நடக்கட்டும்.

அங்கிருந்து அப்டன் பார்க்குக்குப் போனேன். இராசேந்திரத்தின் மனைவி புவனேஸ்வரி அக்கா ஒரு சேலைக்கடைக்கு மேலே உள்ள வீட்டில் இருக்கிறார். என்னைக் கண்டால் எப்போதும் முகம் மலரும். புருசனைக் கையால் கிளறி எடுத்தவன் நான் என்று என்மேல் அவ்வளவு பட்சம். தேத்தண்ணி போட்டார். அதைக் குடிக்காமல் சொன்னேன். தட்டிப் பார்த்தது, கழற்றச் சொன்னது, இராசேந்திரம் அண்ணை கேட்டது, நான் சொன்ன மறுமொழி, எல்லாம்.

அக்கா அழவில்லை. என் தேத்தண்ணியை எடுத்து அப்பால் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஒவ்வொரு திவசத்துக்கும் அந்த மனுசன் வந்து கீழை மணி அடிக்கிறவர். நான் ஒருநாளும் திறக்கேல்லை. சன்னலாலை பாத்து மண்ணள்ளித் தூத்தாத குறையா திட்டியிருக்கிறன். போன மார்கழியும் மழைக்குள்ளை நிண்டவர். நீங்கள் அப்ப எங்கை இருந்தனீங்கள்?"

எங்கே இருந்தேன் என்று அக்காவுக்குத் தெரியும். மேலே, அக்காவுக்கு முன்னால், திவசச் சாப்பாட்டு இலையில் இருந்தேன். மணி அடிக்கும்; அக்கா, "அந்தாள்தான், விடுங்கோ" என்பார்; எனக்கு இன்னொரு அகப்பை சோறு போடுவார். நான் சாப்பிட்டேன். ஒவ்வொரு வருடமும் சாப்பிட்டேன்.

"செத்த மனுசனிட்டை நான் இனி எப்பிடி மன்னிப்புக் கேக்கிறது?" என்றார் அக்கா. "அவர் இருக்கேக்கை வந்து சொல்லியிருக்கலாமெல்லே. இனி இந்தப் படி ஏறாதையுங்கோ."

சவிரிமுத்து அண்ணை என்னிடம் தந்துவைத்த எண்ணூறு பக்கத்தையும் டிலானியிடம் கொடுத்துவிட்டேன். அது பிள்ளையிடம் இருக்கவேண்டிய சொத்து. அவருடையது என்று எனக்கு மிஞ்சியிருப்பது அக்கா வீட்டுத் தெருவாசல் ஒன்றுதான். முட்டுகளைக் கழற்றச் சொன்ன தேவராசா ஆகிய நான் வருகிற மார்கழி திவசத்துக்கு அங்கே போய் மணியை அடிப்பேன். அக்கா திறக்கமாட்டார். அண்ணை நின்ற அவ்வளவு நேரமும் நான் நிற்பேன்.